மிளா வேட்டை

மிளா வேட்டை என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிளா எனப்படும் பெரிய மானைத் தடம் பார்த்துப் பின்தொடர்ந்து கொல்லும் வேட்டை. மிளாவுக்குக் கடமான், கடம்பை மான் என்ற பெயர்களும் உண்டு. காலனியக் காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இந்த மானை 'எல்க்' என்று அழைத்தனர். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையாக அமைந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் மிளாக்கள் இன்றும் வாழ்கின்றன. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் மிளா வேட்டையைக் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்தின் 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முழுமையாகத் தடை செய்தது. இவ்வேட்டைக்கு அடிப்படையாக இருந்த தடம் பார்க்கும் அறிவு இன்று வேட்டைத் தடுப்புக்கும் காட்டுயிர்க் கணக்கெடுப்புக்கும் பயன்படுகிறது.

பெயர்

தென் மாவட்டங்களில் வழங்கும் 'மிளா' என்ற சொல் மலையாளத்தில் 'ம்லாவு' என வழங்குகிறது. இந்தியில் இது 'சாம்பர்'. இதன் அறிவியல் பெயர் ரூசா யூனிகலர். சங்க இலக்கியத்தில் கடமா, மரை, மரையா முதலிய விலங்குப் பெயர்கள் வருகின்றன. இவற்றுள் எந்தப் பெயர் எந்த விலங்கைக் குறிக்கிறது என்பதில் உரையாசிரியர்களிடையிலும் இன்றைய ஆய்வாளர்களிடையிலும் கருத்து வேறுபாடு உண்டு.

'எல்க்' என்ற பெயர் மூன்று வேறு விலங்குகளுக்கு வழங்கியது. ஐரோப்பாவில் அது அகன்ற தட்டைக் கொம்புடைய பெரிய மானைக் குறிக்கும். அதே விலங்கு வட அமெரிக்காவில் 'மூஸ்' எனப்படுகிறது. வட அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் அங்குள்ள வாபிட்டி என்ற வேறொரு மானுக்கு 'எல்க்' என்று பெயரிட்டனர். இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் வந்த ஆங்கிலேயர்கள் தாங்கள் அங்கே கண்ட மிகப் பெரிய மானாகிய மிளாவுக்கு அதே பெயரைக் கொடுத்தனர். ஆகவே பழைய ஆங்கில வேட்டை நூல்களில் நுவரெலியா, நீலகிரி ஆகிய இடங்களில் 'எல்க்' சுடப்பட்டதாக வரும் செய்திகள் மிளாவைப் பற்றியவை.

விலங்கின் இயல்பு

மிளா இந்தியாவின் மிகப் பெரிய மான். வளர்ந்த ஆண் மிளா தோள் வரை ஏறத்தாழ 150 செ.மீ. உயரமும் 225 முதல் 320 கிலோ வரை எடையும் கொண்டது. உடல் கரும்பழுப்பு நிறம். ஆணின் கழுத்தில் அடர்ந்த பிடரி மயிர் உண்டு. கொம்பு ஆணுக்கு மட்டுமே வளரும். ஒவ்வொரு கொம்பிலும் பொதுவாக மூன்று கிளைகள் இருக்கும். ஆடு, மாடுகளின் கொம்பைப் போலன்றி மானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் முளைப்பது. இந்தியாவில் பெரும்பாலான மிளாக்கள் மார்ச் இறுதி முதல் ஜூலை வரையிலான காலத்தில் கொம்பை உதிர்க்கின்றன. புதுக் கொம்பு முதலில் மென்மையான தோலால் மூடப்பட்டிருக்கும். முற்றியதும் மான் அந்தத் தோலை மரத்தில் தேய்த்து உரிக்கும். இனச்சேர்க்கை பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் நிகழும்.

புள்ளிமான் பெருங்கூட்டமாக வெளிப்படையான புல்வெளியில் மேயும். மிளாவோ தனித்தும் இரண்டு மூன்றாகவும் அடர்காட்டில் திரியும். பகலில் புதருக்குள் படுத்திருந்து, மாலையிலும் இரவிலும் விடியலிலும் மேயும். தண்ணீரை விட்டு வெகுதூரம் போகாது. சேற்றில் புரளும் பழக்கம் உடையது. மோப்பமும் செவிப்புலனும் மிகக் கூர்மையானவை. ஆபத்தை உணர்ந்தால் முன்காலால் தரையைத் தட்டி, வாலை நிமிர்த்தி, ஊதுகொம்பை ஒரு முறை ஊதி நிறுத்தியது போன்ற உரத்த குரல் எழுப்பும். புலியோ சிறுத்தையோ செந்நாயோ நடமாடுவதை மற்ற விலங்குகளும் காட்டில் வேலை செய்யும் மனிதர்களும் இக்குரலைக் கொண்டு அறிகின்றனர்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008 முதல் மிளாவை அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது.

விருதுநகர் மாவட்டத்தில் வாழிடம்

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி வறண்ட கரிசல் சமவெளி. தென்மேற்குப் பருவமழையை மேற்கே உள்ள மலைத்தொடர் தடுத்துவிடுவதால் சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்கள் மழைமறைவுப் பகுதியில் அமைந்துள்ளன. குறைந்த மழையும் நீண்ட வெயில் நாட்களும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு ஏற்றவையாயின. மழையைத் தடுக்கும் அதே மலைதான் மிளாவின் வாழிடம். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே மலை சட்டென்று உயர்கிறது. அடிவாரத்தில் முட்புதர்க்காடும், மேலே இலையுதிர்காடும், ஓடைக்கரைகளில் பசுமைமாறா மரங்களும், உச்சியில் புல்வெளியும் சோலையும் உள்ளன. செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, சதுரகிரி, பிளவக்கல் அணைப்பகுதி, இராஜபாளையம் அய்யனார் கோயில் ஓடை ஆகியவை இக்காட்டின் அறியப்பட்ட வாயில்கள்.

நரைஅணிலைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டு இப்பகுதியில் சுமார் 485 சதுர கி.மீ. பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் நரைஅணில் சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் தேனி மாவட்டத்தின் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. 1,016 சதுர கி.மீ.க்கு மேற்பட்ட பரப்புடைய இது தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் 51-ஆவது புலிகள் காப்பகம். ஒரு புலி ஆண்டுக்குச் சுமார் 50 பெரிய இரைவிலங்குகளைக் கொல்கிறது. மிளா அவற்றுள் முதன்மையானது. எனவே மிளாக்களின் எண்ணிக்கை குறையும் காட்டில் புலி நிலைப்பதில்லை.

தடம் பார்த்தல்

மிளா வேட்டையின் பெரும்பகுதி சுடுவதில் இல்லை, முன்கூட்டியே இடம் அறிவதில் இருந்தது. வேட்டைக்குப் பல நாட்களுக்கு முன்பே காட்டுக்குள் சென்று மான் எங்கே நீர் குடிக்கிறது, எங்கே மேய்கிறது, பகலில் எங்கே படுக்கிறது என்று பார்த்து வைப்பார்கள். அதற்குப் பயன்பட்ட அடையாளங்கள் வருமாறு:

குளம்படி: மிளாவின் பிளவுபட்ட குளம்புத் தடம் புள்ளிமானின் தடத்தைவிடத் தெளிவாகப் பெரியது. காட்டுப்பன்றியின் தடத்தில் பின்புறம் பக்கக் குளம்புகளின் பதிவு பெரும்பாலும் விழும். மிளாவுக்கு அது சேற்றிலும் ஓட்டத்திலும் மட்டுமே விழும். தடத்தின் விளிம்பு கூர்மையாக இருந்தால் புதியது. விளிம்பு சரிந்தோ, உள்ளே சருகு விழுந்தோ, எறும்பு, சிலந்தி கடந்து போன கோடுகள் தெரிந்தோ இருந்தால் பழையது.

புழுக்கை: ஈரமும் பளபளப்பும் உள்ள புழுக்கை அன்றைய நடமாட்டத்தைக் காட்டும். காய்ந்து வெளுத்தது பல நாட்களுக்கு முந்தையது.

உரசல்: கொம்பின் தோலை உரிக்கவும், எல்லையைக் காட்டவும் ஆண் மிளா மரத்தில் உரசும். பட்டை உரிந்த உயரம் மானின் அளவைக் காட்டும். ஆண் மிளா சில சமயம் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று தலைக்கு மேலுள்ள கிளையிலும் கொம்பால் உரசும்.

சேற்றுக் குழி: மிளா புரண்ட குழியின் ஓரத்தில் மயிரும், அருகிலுள்ள செடிகளில் சேறும் ஒட்டியிருக்கும். சேற்றின் ஈரத்தைக் கொண்டு அது எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது எனக் கணிக்கலாம்.

மேய்ந்த தடம்: மிளா இலை, தளிர், புல், உதிர்ந்த பழம் ஆகியவற்றை உண்ணும். நெல்லிக்காய் உதிரும் மரத்தடிக்குத் திரும்பத் திரும்ப வரும்.

காற்று: அடையாளங்கள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காற்றின் திசை தவறினால் மான் தப்பிவிடும். மலைச்சரிவில் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் சூடான காற்று சரிவில் மேலேறும். எனவே விடியலில் கீழிருந்து மேலாகவும், வெயில் ஏறிய பின் மேலிருந்து கீழாகவும் அணுகுவது வழக்கம்.

வேட்டைத்துணை

மிளாவைத் தேடிச் செல்லும் வேட்டை பெரும்பாலும் இருவர் வேட்டையாகவே இருந்தது. கூட்டம் பெருத்தால் ஓசையும் வாடையும் மிகும். தனியாள் தரையையும் தொலைவையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியாது. ஆகவே ஒருவர் குனிந்து தடத்தைப் பார்த்து நடப்பார். மற்றவர் நிமிர்ந்து முன்னுள்ள புதரையும் சரிவையும் பார்த்து நடப்பார். தடம் தவறினால் ஒருவர் கடைசியாகக் கண்ட தடத்தருகே நிற்க, மற்றவர் சுற்றிவந்து அடுத்த தடத்தைத் தேடுவார். காட்டுக்குள் பேச்சு இல்லை. கைச்சாடையும் நாவால் எழுப்பும் சிற்றொலியுமே மொழி.

காயம்பட்ட மிளா வெகுதூரம் ஓடக்கூடியது. உயிருள்ள மானைத் துன்பத்துடன் விட்டுத் திரும்பக்கூடாது என்பது வேட்டைக்காரர்களிடையே மதிக்கப்பட்ட நெறி. இலையில் விழுந்த குருதியின் நிறம், அளவு, உயரம் ஆகியவற்றைப் பார்த்து மணிக்கணக்கில் பின்தொடர இரண்டாமவர் தேவைப்பட்டார். கால் பிசகினாலோ, யானையோ கரடியோ எதிர்ப்பட்டாலோ உயிர்காக்கும் துணையும் அவரே.

காலனியக் கால நூல்களில் துப்பாக்கி ஏந்தியவரின் பெயரே முன்னிற்கிறது. தடம் பார்த்தவர்கள் பெரும்பாலும் பெயரற்ற 'ஷிகாரி'களாக வருகின்றனர். அதற்கு விலக்கானவர் எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூரில் வாழ்ந்த அவர், சேலம், தருமபுரிப் பகுதிக் காடுகளில் தம்முடன் அலைந்த பைரா என்ற பூசாரி இனத்தவரைத் தமக்குக் காட்டைக் கற்பித்தவராகவும் நெருங்கிய நண்பராகவும் பெயர் சொல்லி எழுதினார்.

விருதுநகர் மலைப்பகுதியில் காட்டை நெருக்கமாக அறிந்த மக்கள் பளியர்கள். செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அய்யனார் கோயில் ஆகிய இடங்களின் அருகே அவர்களது குடியிருப்புகள் உள்ளன. தேன், கிழங்கு, நன்னாரி, கல்பாசி முதலிய காடுபடு பொருட்களைச் சேகரிப்பது அவர்களின் மரபுத் தொழில். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இத்தகைய சிறுவனப் பொருட்களின் மீது பழங்குடியினருக்கு உரிமை அளிக்கிறது. வேட்டையாடும் உரிமையை அது வெளிப்படையாக விலக்கியுள்ளது.

வேட்டை நாய்கள்

சமவெளியில் வேட்டைத்துணையாக இருந்தது நாய். தமிழகத்தின் புகழ்பெற்ற இரு வேட்டை நாய் இனங்கள் விருதுநகர் மாவட்ட ஊர்களின் பெயரைக் கொண்டவை. இராஜபாளையம் நாய் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. சிப்பிப்பாறை நாய் ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்டது. முயலை விரட்டிப் பிடிப்பதற்குப் பெயர்பெற்றது. இவை மோப்பத்தைவிடக் கண்பார்வையையும் வேகத்தையும் நம்பி ஓடும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே திறந்த கரிசல் வெளிக்கு ஏற்றவை, அடர்காட்டு மிளாவுக்கு அவ்வளவு ஏற்றவை அல்ல. இந்திய அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்ட நான்கு உள்நாட்டு நாய் இனங்களின் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையம் நாயும் ஒன்று.

தென் மாவட்டச் சிற்றூர்களில் சிவராத்திரியை ஒட்டியும் கோயில் கொடைகளை ஒட்டியும் ஊரார் சேர்ந்து முயல் வேட்டைக்குச் செல்லும் பாரிவேட்டை வழக்கம் இருந்தது. முயலும் சட்டத்தால் காக்கப்படும் விலங்கு என்பதால் இதுவும் இன்று குற்றம்.

காலனியக் காலம்

இலங்கையில் மிளா வேட்டையை உலகறியச் செய்தவர் சாமுவேல் பேக்கர். 1840-களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறிய அவர், தம் சகோதரருடன் வேட்டை நாய்க்கூட்டத்தை வளர்த்தார். நாய்கள் மிளாவை ஓடைக்கு விரட்டி மறித்து நிறுத்தும். பேக்கர் கத்தியுடன் இறங்கி அதைக் கொல்வார். இலங்கை வேட்டையைப் பற்றி அவர் 1850-களில் எழுதிய நூல்கள் பிரிட்டனில் பரவலாகப் படிக்கப்பட்டன. பின்னாளில் அவர் ஆப்பிரிக்காவின் ஆல்பர்ட் ஏரியைக் கண்டறிந்த பயணியாகப் புகழ்பெற்றார்.

தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காகக் காடு அழிந்ததும் வேட்டை பெருகியதும் சேர்ந்து விலங்குகளை வேகமாகக் குறைத்தன. இதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1894-ல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினர். மிளாக்கள் மிகுந்திருந்த ஹோர்ட்டன் சமவெளி 1988-ல் தேசியப் பூங்காவானது. அங்கே இன்று மிளாக்களைச் சாலையோரத்திலேயே காணலாம்.

தமிழகத்தில் நீலகிரியும் பழனிமலையும் ஆனைமலையும் வேட்டைக் களங்களாக இருந்தன. படை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டன், எப். டபிள்யூ. எப். பிளெட்சர் ஆகியோர் இம்மலைகளின் வேட்டையைப் பற்றி நூல்கள் எழுதினர். நீலகிரியில் 1877-ல் வேட்டை விலங்குகளுக்கான சங்கமும், 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் வந்தன. வேட்டைப் பருவம், உரிமம், சுடத்தக்க விலங்கு ஆகியவற்றை வரையறுத்த இச்சட்டம் இந்தியாவின் தொடக்ககாலக் காட்டுயிர்ச் சட்டங்களுள் ஒன்று. அதன் நோக்கம் வேட்டையை நிறுத்துவதல்ல, வேட்டையாட விலங்கு எஞ்சியிருக்கச் செய்வது.

கொம்பு

பழங்குடியினரும் உழவர்களும் மிளாவை இறைச்சிக்காக வேட்டையாடினர். ஆங்கிலேயர்களும் ஜமீன்தார்களும் கொம்புக்காக வேட்டையாடினர். கொம்புடன் கூடிய தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவது அக்கால பங்களாக்களின் அடையாளம். மைசூரில் இயங்கிய வான் இங்கன் நிறுவனம் இவ்வகைப் பாடம் செய்தலில் உலகப் புகழ்பெற்றிருந்தது. கொம்பின் நீளத்தை அளந்து பதிவு செய்யும் வழக்கம் லண்டனில் ரோலண்ட் வார்டு 1892 முதல் வெளியிட்ட பதிவேட்டால் வலுப்பெற்றது. மிளாவுக்கு ஏறத்தாழ 40 அங்குலக் கொம்பு மிகச் சிறந்ததாகக் கருதப்பட்டது.

மிகப் பெரிய கொம்புள்ள மான் என்பது உடல்வலுவும் இனப்பெருக்க முதிர்ச்சியும் உள்ள ஆண். வேட்டைக்காரர் தேர்ந்தெடுத்துக் கொன்றது அதைத்தான். நோயுற்றதையும் குட்டியையும் முதியதையும் எளிதில் பிடிக்கும் புலி, செந்நாய்களின் வேட்டையிலிருந்து இது இவ்வகையில் வேறுபட்டது.

பிற நாடுகளில்

வட அமெரிக்காவில் எல்க் எனப்படும் வாபிட்டி மான்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறைச்சி, தோல் வணிகத்தால் பெருமளவில் அழிந்தன. கிழக்குப் பகுதியில் வாழ்ந்த வகை முற்றாக மறைந்தது. 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட் முதலியோர் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம் வேட்டையை நெறிப்படுத்த முயன்றது. அங்கு இன்று எல்க் வேட்டை சட்டப்படி நடைபெறுகிறது. மாநில அரசுகள் எண்ணிக்கையைக் கணக்கிட்டு உரிமங்களை வரையறுக்கின்றன. உரிமக் கட்டணமும் துப்பாக்கி, தோட்டா மீதான வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செலவாகின்றன. வேட்டைப் பருவத்துக்கு முன் நண்பர்கள் இருவராக மலையேறித் தடம் பார்த்து வருவது அங்கு இன்றும் பரவலான பழக்கம்.

மிளாவைச் சட்டப்படி வேட்டையாடும் நாடுகளும் உண்டு. 1860-களில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும், 1875-ல் இலங்கையிலிருந்து நியூசிலாந்திலும் மிளாக்கள் கொண்டுபோய் விடப்பட்டன. இயற்கைப் பகைவிலங்கு இல்லாத விக்டோரியாவில் அவை பெருகிக் காட்டுச் செடிகளை அழிக்கின்றன. எனவே அங்கு அவற்றைச் சுடுவதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. தன் தாயகத்தில் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கும் மான், கொண்டுபோய் விடப்பட்ட நாட்டில் கட்டுப்படுத்தப்பட வேண்டிய விலங்காக உள்ளது. இந்தியாவில் நிலை வேறு. காடு சிறியது, சுற்றிலும் மக்கள்தொகை மிகுதி, மிளாவை நம்பிப் புலி வாழ்கிறது. ஆகவே அமெரிக்க முறையை அப்படியே இங்கு பொருத்த முடிவதில்லை.

சட்டம்

1972-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வேட்டையையும் உடனே நிறுத்தவில்லை. சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட அது தொடக்கத்தில் இடமளித்தது. மூன்றாம் பட்டியலில் இருந்த மிளாவும் அவற்றுள் ஒன்று. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமங்களை நீக்கியது. சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். விரட்டுவது, கண்ணி வைப்பது, பிடிக்க முயல்வது ஆகியவையும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே.

காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் கொம்பை எடுத்துச் செல்வதும் குற்றம். கொம்பு அரசின் உடைமை. மலையேறுவோரும் சதுரகிரிக்குச் செல்லும் பக்தர்களும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. முன்னோர் காலத்துக் கொம்புகளையும் பாடம் செய்த தலைகளையும் வைத்திருப்போர் அவற்றை அரசுக்கு அறிவிக்க 2003-ஆம் ஆண்டு விதிகள் வாய்ப்பளித்தன.

கருமருந்தும் காடும்

களவு வேட்டையில் இன்றும் நாட்டுத் துப்பாக்கி, நெற்றி விளக்கு, கம்பிக் கண்ணி ஆகியவை பயன்படுகின்றன. நாட்டுத் துப்பாக்கிக்குத் தேவைப்படும் கருமருந்து, வெடியுப்பு, கந்தகம், கரி ஆகியவற்றின் கலவை. பட்டாசுத் தொழிலின் அடிப்படையும் அதுவே. வெடிபொருட்களின் உற்பத்தியும் விற்பனையும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தாலும் அதன் விதிகளாலும் கட்டுப்படுத்தப்படுகின்றன.

எல்லாவற்றிலும் கொடியது அவுட்டுக்காய். உணவுக்குள் மறைத்து வைக்கப்படும் இந்த வெடி, கடிக்கும் விலங்கின் வாயைச் சிதைக்கும். பொதுவாகக் காட்டுப்பன்றிக்காக வைக்கப்பட்டாலும் அது ஆளறிந்து வெடிப்பதில்லை. மாடும் நாயும் யானையும் இதற்குப் பலியாகியுள்ளன. விலங்கு உடனே சாவதில்லை. உண்ணவோ நீர் குடிக்கவோ முடியாமல் பல நாட்கள் அலைந்து சாகும். 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி நிரப்பிய காயைத் தின்ற கருவுற்ற யானை ஆற்றுநீரில் நின்றபடியே இறந்த நிகழ்வு இதை நாடறியச் செய்தது. தடம் பார்த்து, விலங்கை அடையாளம் கண்டு, பொறுப்பேற்றுச் சுடும் பழைய வேட்டை நெறிக்கு இது நேர் எதிரானது.

உழவர்களின் இழப்பும் உண்மையானது. மலையடிவாரத்தில் தென்னை, மா, நெல், கரும்பு ஆகியவற்றை யானையும் பன்றியும் மானும் சேதப்படுத்துகின்றன. விலங்குகளை விரட்டப் பட்டாசு வெடிப்பது உழவரும் வனத்துறையினரும் கையாளும் வழக்கமான முறை. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுட அனுமதி அளித்தது. இந்த அனுமதி பொதுமக்களுக்கு உரியதன்று. மிளாவுக்கும் பொருந்தாது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

தமிழகக் காட்டுயிர்ப் பாதுகாப்பின் முன்னோடிகள் சிலர் வேட்டையிலிருந்து வந்தவர்கள். நீலகிரியின் இ. ஆர். சி. டேவிதார் வேட்டைக்காரராகத் தொடங்கிப் பின்னர் துப்பாக்கியைக் கைவிட்டு, 1963-ல் நீலகிரியில் வரையாடு கணக்கெடுப்பு நடத்தினார். எழுத்தாளரும் ஒளிப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். நெடுநேரம் காத்திருந்து, காற்றறிந்து, மறைந்து அணுகும் வேட்டைத்திறனையே அவர்களது கூர்நோக்கும் ஒளிப்படமும் வேண்டின.

இன்றைய நிலை

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் தடம் பார்க்கும் பணி இன்றும் நாள்தோறும் நடக்கிறது. தமிழக வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பழங்குடி இளைஞர்கள் பலர் பணியாற்றுகின்றனர். அவர்கள் ரோந்தின்போது கண்ணிகளை அகற்றுகின்றனர், அந்நிய காலடிகளைக் கவனிக்கின்றனர், விலங்கின் தடத்தைக் கைபேசிச் செயலியில் பதிகின்றனர். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் அகில இந்தியப் புலிகள் மதிப்பீட்டில், காட்டின் ஒவ்வொரு சரகப் பிரிவிலும் புலி, சிறுத்தை ஆகியவற்றின் அடையாளங்களைத் தேடி நடப்பதுடன், 2 கி.மீ. நேர்கோட்டுப் பாதைகளில் விடியலில் நடந்து கண்ணில் படும் மிளா, புள்ளிமான், பன்றி ஆகியவை எண்ணப்படுகின்றன. குறிப்பிட்ட இடங்களில் புழுக்கைகளும் கணக்கெடுக்கப்படுகின்றன. தானியங்கிக் கேமராவை எந்த ஓடைத்தடத்தில், எந்த மரத்தில் கட்டுவது என்பதையும் தடம் அறிந்தவரே தீர்மானிக்கிறார்.

இப்பணியிலும் ஒருவர் தரையைப் பார்க்க, மற்றவர் முன்னே பார்த்து நடக்கிறார். கண்ட மிளாக்களின் எண்ணிக்கை, ஆண் பெண் வேறுபாடு, தொலைவு ஆகியவை குறிப்பேட்டில் ஏறுகின்றன. அந்த எண்களிலிருந்தே இம்மலை எத்தனை புலிகளுக்கு இரை தரமுடியும் என்ற மதிப்பீடு உருவாகிறது.